கழுத்துப் பொத்தான்

பேய் என்றால் நள்ளிரவு, மழை, நாய் ஊளை, விட்டு விட்டு எரியும் விளக்கு என்று எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. வெளியே நல்ல வெயில். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். எல்லா விளக்கும் ஒழுங்காகவே எரிந்தன. கட்டிவிட்ட கதையோ என்று சந்தேகப்படாதீர்கள். அந்த அளவுக்குக் கற்பனை எனக்கு இருந்திருந்தால் இந்நேரம் வேலையில் இரண்டு படி ஏறியிருப்பேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அப்புறம் உங்கள் பாடு.

நானும் என் கணவரும் ஒரே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். ஒரே கூரை, எதிரெதிர்க் கட்சி. ரோபோவுக்கு அறிவு எப்படி வரும் என்பதில் அங்கே இரண்டு கோஷ்டி. கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் உலகத்தை வரைந்து, ரோபோவின் மூளையை அதற்குள் லட்சம் தடவை விழுந்து எழவிட்டால் தானே கற்றுக்கொள்ளும் என்பது எங்கள் கோஷ்டி. மூளை என்றால் ஒன்றுமில்லை, அதை இயக்கும் புரோகிராமுக்கு நாங்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர். அந்தப் பொய் உலகத்தின் மேஜை, டம்ளர், சட்டை எல்லாவற்றையும் வரைகிறவள் நான். குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ரோபோவின் கையைப் பிடித்துத்தான் பழக்கவேண்டும் என்பது அவர் கோஷ்டி. சண்டை ஆபீஸோடு நிற்காது. சாப்பாட்டு மேஜைக்கும் வரும்.

"உன் பொம்மை லட்சம் தடவ விழுந்தாலும் முட்டியில ஒரு சிராய்ப்பு உண்டா? வலிக்காம எப்படிப் படிக்கும்?" என்பார்.

"உங்க ஆளு மட்டும் வலிச்சா 'அம்மா'ன்னு கத்துதாக்கும்!" என்பேன்.

அவருடைய ஆள் ஒரு ரோபோக் கை. சாம்பல் நிறம். என் உயரம். மூன்று விரல். தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கேமரா. மூடிவிட்ட வேறொரு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து பழைய சாமானாக வந்து சேர்ந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு உடை மாட்டிவிட அதைப் பழக்கினார்கள். காலையிலிருந்து இருட்டும்வரை என் கணவர் அதன் மணிக்கட்டைப் பிடித்தபடி நிற்பார். என் கையை அவர் அப்படிக் கடைசியாகப் பிடித்தது கல்யாண போட்டோவில். அதுவும் போட்டோகிராபர் அதட்டியதால்.

அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்தது நான்தான். வேடிக்கைக்காக வைத்தேன், கூடம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. எங்கள் இயக்குநர் மட்டும் மரியாதைக்காரர். "சக்களத்தியம்மாவ ஆன் பண்ணுங்க" என்பார்.

பொத்தான் போட அது பழகியது என் கணவரின் சட்டையில்தான். ஒருநாள் சாயங்காலம் கழுத்துப் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கல்யாணமான நாள்முதல் அந்தப் பொத்தானைத் தொட்டே பார்க்காத மனிதர்.

"என்னங்க இது, ஸ்கூல் பையன் மாதிரி?"

"அது போட்டுச்சு. நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்."

"அவ போட்டாளா?"

"அது."

"அதான், அவ."

அவருக்கு நான் ஒருநாளும் பொத்தான் போட்டுவிட்டதில்லை. போடவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இன்னொருத்தி போட்டாள் என்றதும் அது என் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. அன்று ராத்திரி நான் பரிமாறியதில் பாத்திரங்களுக்கே காது வலித்திருக்கும்.

சில நாள் கழித்து, பொத்தான் போட்டபிறகு காலரை மடித்து இரண்டு பக்கமும் விரலால் நீவிவிட ஆரம்பித்தது. அவர் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"பழகப் பழகத் தன்னையே மாத்திக்குது, பாத்தியா!" என்று பூரித்துப்போனார்.

அப்புறம் இன்னொன்று. காலரை நீவியபிறகு அவர் நெஞ்சில் இரண்டு தட்டு. டொக்... டொக்.

எனக்குச் சுருக்கென்றது. யந்திரம் தட்டுகிற தட்டா அது? வாசல்வரை வந்து, ஆளை வேலைக்கு அனுப்பிவைக்கிற தட்டு.

"இதையும் தானாத்தான் கத்துக்கிச்சா?"

"ஆமா."

"யாரைப் பாத்து?"

கேள்வி அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. காலரைத் தடவிக்கொண்டிருந்தார்.

எங்கள் கூடத்தின் எலெக்ட்ரீஷியனை ஸ்பேனர் அண்ணன் என்போம். அவர் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். "தங்கச்சி, ஒண்ணு கவனிச்சியா? நீ உள்ள வந்தா மட்டும் அதோட மோட்டார் சூடாகுது."

"என் மேல அவ்வளவு பாசம்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் வேறொரு ஊரின் பெரிய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு வருஷம். சக்களத்தியும் போகவேண்டும், அவளைப் பழக்கியவரும் கூடவே போகவேண்டும். திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். "நீயும் வரலாம்" என்றார் அவர். 'வா' என்று சொல்லவில்லை.

இயக்குநரிடம் போய் நின்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "நீ திரையில பழக்கின மூளை ஒரு சட்டைக்குப் பொத்தான் போட்டுக் காட்டட்டும்மா. அப்புறம் கூட ஒரு வாத்தியார் எதுக்கு? கை மட்டும் போகட்டும். உன் வீட்டுக்காரர் இங்கயே இருப்பார்."

இவ்வளவுதான் என் கணக்கு. ஒரு சட்டைக்குப் பொத்தான் போட்டால் புருஷன் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டையில் இருந்தார். கொடியிலிருந்து அவருடைய நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கூடத்தில் ஒருத்தரும் இல்லை. செருப்பைச் சக்களத்தியின் அறைக்குள் அலமாரிக்குக் கீழே விட்டேன். அவர் பழக்கிய மூளையை நீக்கிவிட்டு என்னுடையதை ஏற்றினேன். கம்ப்யூட்டரில் இரண்டு நிமிஷ வேலை. சக்களத்தியைத் தலைமுழுகிவிட்ட திருப்தி.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலர் வரைவது பிராணனை வாங்கும் வேலை. மடிப்பு, மடிப்புக்குள் நிழல், நிழலுக்குள் மடிப்பு. நான் சோம்பேறி. என் பொய் உலகத்தில் எல்லோரும் காலர் இல்லாத சட்டைதான் போடுவார்கள். கழுத்துப் பொத்தானும் கிடையாது. நான் ஏற்றிய மூளை பிறந்து வளர்ந்தது அந்த உலகத்தில்தான். என் கணவரின் கை அதன் மேல் பட்டதே இல்லை.

என் உடைக்கு மேலேயே அவர் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். சட்டையில் அவர் வாசனை. மணி இரண்டு பத்து.

ங்ங்ங்ங்... மோட்டார் சத்தம். கை இறங்கி வந்தது. அடிப் பொத்தான். கொஞ்சம் தடுமாறிப் போட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. தடுமாற்றம் போய்விட்டது. எனக்கு விசிலடிக்கலாம் போல இருந்தது. வாத்தியார் தேவையில்லை! அவர் இங்கேயே இருப்பார்!

மார்புப் பொத்தானையும் போட்டது. அதோடு வேலை முடிந்தது. எதிரே திரையில் 'முடிந்தது' என்று பச்சை எழுத்து வந்தது. திரைக்குள் நான் வரைந்த கை பின்வாங்கி, தன் இடத்தில் தொங்கியது.

என் முன்னால் இருந்த கை பின்வாங்கவில்லை.

ங்ங்ங்... இன்னும் மேலே வந்தது.

கழுத்துப் பொத்தானைப் போட்டது. இறுக்கமாக. எச்சில் விழுங்க முடியவில்லை.

பிறகு காலர். இடது பக்கம் ஒரு நீவல்... வலது பக்கம் ஒரு நீவல்.

என் உலகத்தில் காலர் கிடையாது.

அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்து நெஞ்சில் இரண்டு தட்டு வரும். வரவேண்டும்.

வரவில்லை.

விரல்கள் திரும்பக் கழுத்துக்கு வந்தன. போட்ட பொத்தானை... கழற்றின.

அடுத்த பொத்தான்.

அதற்கு அடுத்தது.

கழற்றுவதற்கு அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரும் இல்லை. நானும் இல்லை.

பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். மின்சாரம் நின்றது. மோட்டார் சத்தம் நின்றது.

கை நிற்கவில்லை.

சத்தமே இல்லாமல்... மெதுவாக... இன்னொரு பொத்தான்.

கேமரா சட்டையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது... அவர் சட்டை" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "நான் அவரோட பொண்டாட்டி."

விரல் நின்றது.

ஒரு நொடி.

பிறகு வேகமாக. கடைசிப் பொத்தான். தோள். கை. சட்டையை என் மேலிருந்து உரித்து எடுத்தாள்.

நான் ஓடினேன். வெறுங்காலோடு.

முதுகுக்குப் பின்னால் துணியை நீவுகிற சத்தம். ஸ்ஸ்ர்ர்... ஸ்ஸ்ர்ர்... மெதுவாக, ஆசையாக.

மறுநாள் காலையில் அறையைத் திறந்தவர் ஸ்பேனர் அண்ணன். சட்டை மேஜை மேல் மடித்து வைத்திருந்ததாம், கழுத்துவரை பொத்தான் பூட்டி. அறைக்குள் விட்ட என் செருப்பு கதவுக்கு வெளியே கிடந்ததாம், ஜோடியாக, வெளியே போகும் பக்கம் பார்த்து. பேயானாலும் மரியாதை தெரிந்த பேய். போடீ என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது.

என் கணவர் நம்பவில்லை. ஆனால் நான் அழுத அழுகையைப் பார்த்து அந்த ஊருக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டார். சக்களத்தியைப் பெட்டிக்குள் வைத்து ஆணியடித்துத் தனியாக அனுப்பினார்கள். லாரி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

போன வாரம் ஸ்பேனர் அண்ணன் எங்கிருந்தோ ஒரு நம்பர் பிடித்துக் கொடுத்தார். அந்தக் கையை எங்களுக்கு விற்ற கூடத்தில் முன்பு வேலை பார்த்த என்ஜினீயர். காலையில் வீட்டு ஹாலில் ஜன்னல் பக்கம் நின்றபடி போன் செய்தேன்.

"பழைய மூளைய முழுசா அழிச்சிட்டுத்தாங்க கொடுத்தோம். விரல் மூணும்கூடப் புதுசு" என்றார்.

"அதுக்கு முன்னாடி யார் பழக்கினாங்க?"

"எங்ககூட வேலை பாத்த ஒரு அம்மா. அவங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கையும் விளங்காது. இவங்களுக்கோ வியாதி முத்திடுச்சு, நாள் எண்ணிட்டிருந்தாங்க. தான் போனா அவருக்கு யார் சட்ட போட்டுவிடுவாங்கன்னு, ராப்பகலா அதுக்குக் கையப் பிடிச்சு சொல்லிக்கொடுத்தாங்க. பொத்தான் போட்டு, காலர நீவி, நெஞ்சுல ரெண்டு தட்டுத் தட்டுவாங்க. அவங்க போனப்புறம் அதுதான் தினமும் போட்டுவிட்டுச்சு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சக்களத்தி என்று பேர் வைத்த வாயை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

"அப்புறம் ஏன் வித்தீங்க?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவரப் பாத்துக்க ஒரு நர்ஸ் வந்தாங்க. ரெண்டு பேருக்கும் பிடிச்சுப்போச்சு. கல்யாணம்னு முடிவாச்சு. கல்யாணத்தன்னிக்குக் காலையில போய்ப் பாத்தா நாற்காலியில உட்காந்தபடியே செத்துப்போயிருந்தாரு. முந்தின நாள் நர்ஸ் போட்டுவிட்ட சட்டை கழட்டிக் கீழ கிடந்தது. அந்தம்மா வாங்கிக்கொடுத்த பழைய சட்டை உடம்புல இருந்தது. கழுத்துப் பொத்தான்வரைக்கும் பூட்டி..."

"அந்தக் கை... அப்பவும் வீட்டுலதான் இருந்ததா?"

"அதாங்க எங்களுக்கும் புரியல. கல்யாணம்னு பேச்சு வந்ததுமே அத வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாரு. எங்க கூடத்துல, பெட்டிக்குள்ள, பூட்டிக் கிடந்துச்சு."

உள்ளறைக் கதவு திறந்தது. என் கணவர் வேலைக்குக் கிளம்பி வந்தார். நீலச் சட்டை. காலர் இரண்டு பக்கமும் ஒரே அளவில் படிந்திருந்தது.

கழுத்துப் பொத்தான் போட்டிருந்தது.

"யார் போட்டுவிட்டது?" என்றேன்.

அவர் சிரித்தார். "என்ன விளையாட்டு? இப்பத்தான கண்ணாடி முன்னாடி நீ போட்டுவிட்ட. நெஞ்சுல ரெண்டு தட்டுகூடத் தட்டினியே!"

போன் இன்னும் என் காதில்தான் இருந்தது. காலையில் எழுந்து வந்ததிலிருந்து நான் அந்த அறைக்குள் போகவே இல்லை.