அவள் காலால் இருபத்திரண்டு

தாம்பரத்தில் நான் படித்த கல்லூரி, பழைய விளையாட்டு வீரர்களுக்காக ஜிம்னாசியம் வராந்தாவில் ஒரு ஹால் ஆஃப் ஃபேம் திறந்திருக்கிறது. போன மாதம் அந்தச் சுவரில் என் படத்தையும் மாட்டினார்கள். ஒரு காலத்தில் இருநூறு மீட்டரில் வாங்கிய தங்கத்துக்காக. இப்போது மின்சார ரயிலைப் பிடிக்கக்கூட நான் ஓடுவதில்லை என்பது வேறு விஷயம். அழைப்பு வந்ததும், அவள் வருவாளா என்றுதான் முதலில் தோன்றியது.

எங்கள் ரிலே அணியில் மூன்றாவது நான், கடைசி அவள். பம்மலிலிருந்து பஸ் மாறி வருவாள். வெறுங்காலோடுதான் ஓடுவாள், கல்லூரி கொடுத்த ஷூவை இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ரிலேயில் குச்சியை வாங்கப்போகிறவள், தான் நிற்கும் இடத்திலிருந்து பின்பக்கமாக, குதிகாலும் விரல்நுனியும் ஒட்ட அடிமேல் அடி வைத்து எண்ணி, மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்வாள். குச்சியோடு வருகிறவள் அந்தக் கோட்டைத் தாண்டியதும், இவள் திரும்பிப் பார்க்காமல் ஓட ஆரம்பிக்க வேண்டும். எங்கள் அணியில் கடைசியாக ஓடும் அவளுக்கு, அவள் பாதத்தால் இருபத்திரண்டு அடி. அவரவர் கோட்டை அவரவர் காலால்தான் அளப்போம். அடுத்தவள் கோட்டில் யாரும் கை வைப்பதில்லை.

எங்கள் கல்லூரி மைதானத்திலேயே நடந்த பல்கலைக்கழகப் போட்டியின் இறுதி ஓட்டத்தன்று அவள் வந்த பஸ் பல்லாவரத்தில் மாட்டிக்கொண்டது. எங்கள் ஓட்டத்துக்கு மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். பெரிய உபகாரி மாதிரி நானே போய் அவளுடைய இருபத்திரண்டை எண்ணிக் கோடு போட்டேன். கடைசி நிமிடத்தில் மூச்சிரைக்க வந்தவள், கோடு போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். அளந்துகூடப் பார்க்காமல் போய் நின்றாள்.

நாங்கள்தான் முன்னால் இருந்தோம். நான் கோட்டைத் தாண்டியதும் அவள் பாய்ந்தாள். கையை நீட்டுகிறேன், நீட்டுகிறேன், எட்டவே இல்லை. குச்சி அவள் கைக்குப் போனபோது, அதை மாற்றிக்கொள்ள வேண்டிய எல்லை தாண்டியிருந்தது. அவள்தான் முதலில் வந்தாள். ஆனால் கொடியைத் தூக்கி எங்கள் அணியை நீக்கிவிட்டார்கள்.

என்னிடம் வந்து சொன்னாள்: “சாரிடி. நான்தான் அவசரப்பட்டுட்டேன். இன்னா ஆச்சுன்னே தெரில.”

அப்போதுதான் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஷூக் காலோடு அளந்திருக்கிறேன். போதாததற்கு என் பாதம் அவள் பாதத்தைவிட நீளம். கோடு தள்ளிப் போய், அவள் முன்னாலேயே கிளம்பிவிட்டாள். பி.டி. மேடம் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார். நான் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த ரிலேயில் தங்கம் கிடைத்தால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மனுப் போடலாம் என்று அவள் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவள் மைதானத்துக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் கல்லூரிக்கும் வரவில்லை.

விழாவுக்கு முன் தேடினேன். பம்மலில் அவள் வீடு இருந்த இடத்தில் அபார்ட்மென்ட் நிற்கிறது. பொழிச்சலூர் பக்கம் போய்விட்டார்கள் என்றார் மளிகைக்கடைக்காரர். அங்கேயும் போய் விசாரித்தேன். பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் கேட்டேன். ஒருத்திக்கும் தெரியவில்லை.

எப்படியாவது கேள்விப்பட்டு வந்துவிட்டால், மைக்கிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது என்றிருந்தேன். சால்வை போர்த்தும்போதும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவள் இல்லாத இடத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்க எனக்குக் கூசியது. நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் போன பிறகு மைதானத்துக்குப் போனேன். இன்னும் மண்தான். அவள் நின்ற இடம் எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து பின்பக்கமாக அடிமேல் அடி வைத்து இருபத்திரண்டு எண்ணி, குதிகாலால் ஒரு கோடு கிழித்தேன்.

அதுவும் தப்புத்தான். செருப்பைக் கழற்றினாலும் அது என் கால்தானே. அந்தக் கோட்டைச் சரியாகப் போட அவள்தான் வர வேண்டும்.