கறுப்பு வயர்

ஸ்ரீரங்கத்தில் தரிசனம் முடித்துத் திரும்பும் வழியில், மலைக்கோட்டை அடிவாரத்தில் ஓர் எலக்ட்ரிக் கடையில் நிற்கிறேன். ஜெர்மனியில் என் மகள் தன் வீட்டு சீலிங்கில் தானே விளக்கு மாட்டப்போகிறாள். அங்கே எலக்ட்ரீசியன் வர மூன்று வாரமாகுமாம். "கறுப்பு வயர்ல கரண்ட் இருக்காதும்மா, தைரியமாத் தொடு" என்று நேற்று நான்தான் சொன்னேன். இப்போது அவள் அனுப்பிய வயர் படத்தைக் கடைக்காரரிடம் காட்டி, நான் சொன்னதையும் சொல்கிறேன்.

"அது நம்மூர் வழக்கம் சார். வெளிநாட்டுல வயரிங் பண்ணவன் சொல்றேன், அங்க கறுப்புலதான் கரண்ட்டே வரும். உடனே போன் போடுங்க."

நாலாவது மணியில் எடுக்கிறாள்.

"ஏணி மேல நிக்கிறேன்பா. கறுப்பத் தொடப்போறேன்."

"மெயினை ஆஃப் பண்ணுனியா?"

"நீங்க அதச் சொல்லவே இல்லையேப்பா."

"கீழ இறங்கும்மா. மூணு வாரம் இருட்டுலயே இரு."

கடைக்காரர் எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போடுகிறார்.