ஹாங்காங் டிராமில் குரும்பலூர் ஸ்டாப்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி அரியலூருக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த எனக்கு ரயில் பைத்தியம் பிடித்தது மொட்டைத் தலையனுக்குச் சீப்பு மேல் ஆசை வந்த மாதிரிதான்.

தொண்ணூற்றேழு வாக்கில் லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் சிபாரிசில் ஹாங்காங்கில் ஒரு குடோனில் வேலை கிடைத்தது. டி.வி., டேப் ரெக்கார்டர்களை அட்டைப்பெட்டியில் அடைத்துக் கப்பலுக்கு அனுப்பும் வேலை. பாய் அங்கே பழைய ஆள். எனக்கும் அவருக்கும் ஒரே அறை. என்னோடு வந்தவர்கள் எல்லாம் முதல் சம்பளத்தில் சங்கிலி, மோதிரம் என்று வாங்க, நான் ஒரு பழைய வீடியோ கேமரா வாங்கினேன். எடுத்தது பூராவும் டிராம். ரோட்டுக்கு நடுவே தண்டவாளத்தில் மாடி பஸ் மாதிரி ஒன்று மணியடித்துக்கொண்டு போகும். அதை எதிரே நின்று எடுத்தேன், பக்கத்தில் நின்று எடுத்தேன், ஒரு நாள் தண்டவாளத்துக்கு நடுவிலேயே நின்று எடுத்தேன். அன்றைக்கு என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டது பாய்தான்.

"உன்னைப் பொட்டியில போட்டு ஊருக்கு அனுப்புற வேலையும் என் தலையில கட்டப் பாக்குறியாடா? இங்க பேக்கிங் பண்றது நாந்தான்" என்றார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பாயும் கூடவே வந்தார். டிராமின் மேல்மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்து நான் ரோட்டை எடுப்பேன். பாய்க்குச் சும்மா உட்கார வராது. பக்கத்தில் உட்கார்ந்து கண்டக்டர் வேலை பார்ப்பார். சீனத்து ஸ்டாப் பெயர்கள் அவர் வாயில் நுழையாததால் ஒவ்வொன்றுக்கும் நம்ம ஊர்ப் பெயர் வைத்துவிட்டார். மீன் மார்க்கெட் ஸ்டாப் துறைமங்கலம். வங்கிக் கட்டடங்கள் இருக்கும் இடம் குரும்பலூர். மலை தெரியும் இடம் வேப்பந்தட்டை. டிராம் போய்த் திரும்பும் கடைசி ஸ்டாப் லப்பைக்குடிக்காடு. முன்னால் உட்கார்ந்திருக்கும் சீனக் கிழவிகள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். தண்டவாளச் சத்தத்தையும் மணியையும் சுத்தமாகப் பதிய வேண்டும் என்று நான் நினைக்க, கேசட் முழுக்கப் பாய் கத்திக்கொண்டிருந்தார்.

நானும் பாயும் முன்னே பின்னே ஊருக்குத் திரும்பிவிட்டோம். பெரம்பலூரில் செல்போன் கடை வைத்தேன். பாய்க்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். பிழைத்தார், பேச்சு போய்விட்டது. கழுத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பார். கூப்பிட வேண்டுமென்றால் நாக்கை அண்ணத்தில் தட்டி 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுப்பார். அவர் உதட்டைப் படித்துச் சொல்வது அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பாய் சொன்னதைச் சொல்வார், சொல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள் இருவரும் என் கடைக்கு வந்தார்கள்.

"தம்பி, நீங்க அந்த ஊர்ல ரயில வீடியோ புடிச்சீங்கள்ல, அதுல இவுக பேசுவாகளாமே?"

"பேசுவாரா? வாயவே மூட மாட்டாருக்கா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாய் பின்னால் நின்று தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமில்லாமல்தான்.

அக்கா சிரிக்கவில்லை. "பேரப்புள்ள கேக்குறான், அத்தாவோட அத்தா கொரல் எப்புடி இருக்கும்னு. வூட்ல எங்கயும் இல்ல தம்பி. இவுக அங்க இருந்தப்ப கேசட்டுல பேசித்தான் அனுப்புவாக. நான் கேட்டுட்டு அது மேலயே பேசித் திருப்பி அனுப்புவேன். அவுகளும் கேட்டுட்டு என் பேச்சு மேல பேசுவாக. எல்லார் வூட்லயும் அப்புடித்தானே? ஒரே கேசட்டு போவும் வரும். கடசியா வந்துச்சு பாருங்க, அது மேலயும் பேசிட்டேன். அனுப்புறதுக்குள்ள இவுகளே வந்துட்டாக. போட்டுக் கேட்டா நான்தான் பேசுறேன். ஓடு மாத்தணுமாம், பருப்பு வெல ஏறிப்போச்சாம்."

பாய் பக்கம் திரும்பாமலே சொன்னார். "வருசக்கணக்கா இவுக கொரல அழிச்சது நாந்தான் தம்பி."

பாய் 'டொக்' என்றார். உதடு அசைந்தது. அக்கா எனக்கு அதைச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பரண் மேல் இருந்த பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். திறந்தேன். கேசட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. ஒன்றைக் கேமராவில் போட்டேன். இரண்டு நிமிஷம் ஓடிற்று, 'கிரீச்' என்றது, நாடா அறுந்து உள்ளே சுருண்டுகொண்டது. அடுத்ததும் அப்படியே. மற்றவை சக்கரமே சுற்றவில்லை. உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதன் மேல் என் கையெழுத்தில் 'டிராம், பாய் தொல்லை' என்று எழுதியிருந்தது.

கேமராவின் நிலைமையும் கிட்டத்தட்ட கேசட்டுகளுடையது போலத்தான். கேசட் கதவின் கொக்கி உடைந்துவிட்டது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஓடும். விரலை எடுத்தால் கதவு திறந்து நாடாவைக் கடித்துவிடும்.

என் மனைவியின் தம்பி அரியலூர் ஸ்டேஷன் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்தான். பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சி.டி. போட்டுக் கொடுக்கும் வசதி அவனிடம்தான் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறிப் போய் இறங்கினோம்.

கேசட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான் மச்சினன். "மாமா, இது ஒரு தடவ ஓடுனாலே பெருசு. ரெண்டாந்தடவன்னு எங்கிட்ட கேக்காதீங்க."

"ஒரு தடவதானா?" என்றார் அக்கா. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

மச்சினன் ஒயர்களை மாட்டினான். கம்ப்யூட்டரில் பதிவை ஆரம்பித்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டை விரலைக் கதவு மேல் வைத்தேன். "அமுக்குங்க மாமா, நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்றவனை, முன்கடையில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

பொத்தானை அமுக்கினேன். கம்ப்யூட்டரில் முதலில் புழுதி பறந்தது. பிறகு கோடு கோடாக. பிறகு, தெளிவாக, டிராமின் முன் கண்ணாடி. ரோடு. தண்டவாளம். எனக்கு மூச்சு விடவே பயம். அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது. இன்னொரு கை இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தக் கையால்தான் மேசை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரையில் கேமரா திரும்பியது. பாய் முகம். அப்போது தாடி கருப்பு. கேமராவைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"'எதுக்குடா என் மூஞ்சிய புடிக்குற, ரோட்டப் புடி'ங்கிறாக" என்றார் அக்கா.

நான் சிரித்தேன்.

"'உங்கூட சுத்துனா வவுறு காயுது'ங்கிறாக. சோத்துக்கு முன்னாடி வேற எது நெனப்பு இவுகளுக்கு!"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிஜ பாய் 'டொக்' என்றார்.

"டீ வேணுமாம். இருங்க, முடியட்டும்" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

'டொக், டொக்.'

"சும்மா இருங்கங்கிறேன்ல. பாக்க விடுங்க."

திரையில் கேமரா மறுபடி ரோட்டுக்குத் திரும்பியது. டிராம் வளைவில் திரும்புகிறது. ஆள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். ஓடுகிறது, ஓடுகிறது, இன்னும் அறுபடவில்லை. கட்டை விரல் மரத்துப் போயிற்று. எனக்குப் பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. பாய் எழுந்துவிட்டார். மேசையைப் பார்த்து வருகிறார்.

"பாய், ஒக்காருங்க! அசைஞ்சா டேப்பு சிக்கிக்கும்!"

அவர் நிற்கவில்லை. கீழே ஒயர்கள் பாம்புக் கூட்டம் மாதிரி கிடந்தன. அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"அந்தப் பக்கம் போவாதீங்க பாய்! கால் தட்டுனா எல்லாம் போச்சு! அக்கா, புடிங்க அவர! பாய், சொன்னாக் கேளுங்க, அதத் தொடாதீங்க, தொடா…"

எழுந்து தடுக்கலாம் என்றால் விரலை எடுக்க முடியாது. பாய் குனிந்தார், மேசைக்குப் பின்னால் கையை விட்டார். நான் கூரை அதிரக் கத்தினேன்.

"வாய மூட்றா கிறுக்குப் பயலே! குரும்பலூர் வருது பாரு! எறங்குறவங்கள்லாம் முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க!"

கம்ப்யூட்டரின் இரண்டு ஸ்பீக்கரிலும் பாயின் குரல். கரகரவென்று, கண்டக்டர் விசிலே தேவையில்லாத குரல்.

நான் வாயை மூடினேன்.

மேசைக்குப் பின்னாலிருந்து பாய் நிமிர்ந்தார். சத்தத்துக்கான வெள்ளை ஒயரின் முனை இப்போது அதன் ஓட்டைக்குள் இருந்தது. மச்சினன் மஞ்சள் ஒயரை மட்டும் மாட்டிவிட்டுப் போயிருந்தான். படம் மட்டும்தான் ஏறிக்கொண்டிருந்தது. ஆரம்பத்திலிருந்து சத்தமே வரவில்லை. எங்களுக்கு அது தெரியவே இல்லை. பாய் உதட்டை அசைக்கிறார், அக்கா சொல்கிறார், நான் சிரிக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருஷமாக எல்லாம் அப்படித்தானே நடக்கிறது! ஏதோ குறைகிறது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள், அதை வாய்விட்டுச் சொல்ல முடியாத ஆள்.

மச்சினன் வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். "யாரு மாமா உள்ள சண்ட போடுறது?"

"வெள்ள ஒயர ஏன்டா மாட்டல?"

"கல்யாணத்துக்கு எவன் மாமா சத்தம் எடுப்பான்? பந்தியில நடக்குற தகராறுதான் கேக்கும். நாங்க பாட்டு போட்டுருவோம்" என்றவன், ஸ்பீக்கரையும் பாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"துறமங்கலம் போச்சு, குரும்பலூர் போச்சு. டேய், நீ டிக்கெட் எடுத்தியா இல்லியா? கேமராவுக்கு அரை டிக்கெட்டு!" என்றது ஸ்பீக்கர். நடுவில் டிராமின் மணி, டிங் டிங். அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் ரோடு மட்டும்தான். அவர் அதைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வெளியே சிமெண்ட் கூட்ஸ் வந்தது. முதலில் ஜன்னல் கம்பி நடுங்கியது, பிறகு மேசை. வாழ்நாள் பூராவும் ரயில் ரயில் என்று அலைந்தவன், அன்றைக்கு ஒரு ரயிலை மனதாரத் திட்டினேன். என் விரலுக்கு அடியில் கதவு துள்ளியது. படம் கிழிந்தது. பாயின் குரல் தடித்து, குடித்தவன் குரல் போல இழுபட்டது.

"வேப்பந்தட்ட… எல்லாம் எறங்கு… அடுத்து லப்பக்குடிக்காடு… வூட்டுல… சோறாக்கி… வச்சிருப்பா…"

கிரீச்.

நான் விரலை எடுக்கவில்லை. மச்சினன் வந்து மெல்லப் பிரித்து எடுத்தான். கதவைத் திறந்தால் உள்ளே நாடா இடியாப்பம்.

கம்ப்யூட்டரில் தேறியதைப் பார்த்தான். சத்தத்தோடு இருந்த பகுதி ஒரு சினிமாப் பாட்டு நீளம்கூட இல்லை. முன்பாதி முழுக்க ஊமைப் படம். எனக்குத் தலை நிமிரவில்லை.

"அக்கா, மொதல்ல அவர் மூஞ்சி வந்துச்சுல்ல, அதுல படம் மட்டுந்தான் இருக்கு. சத்தம் போயிருச்சு."

"அது பரவால்ல தம்பி" என்றார் அக்கா. "அத எனக்குப் படிக்கத் தெரியும்."

பிறகு கைப்பையைத் திறந்து ஒரு ஆடியோ கேசட்டை எடுத்தார். ஓரம் தேய்ந்து, மேலே ஒட்டிய தாளில் பேனா மசி கரைந்து கிடந்தது. போய் வந்து போய் வந்து களைத்த அந்தக் கேசட். "வூட்ல சி.டி. போடுற மெசின் இல்ல. இவுக பேசுனத மட்டும் இதுல ஏத்திக் குடுங்க."

"இதுல ஒங்க பேச்சு இருக்குமேக்கா. ஓடு, பருப்பு…"

"இருக்கட்டும். அழிஞ்சா அழியட்டும். நான் நெறையாப் பேசியாச்சு."

மச்சினன் டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து ஒயரை மாட்டினான். பாய் இரண்டு ஒயரையும் தனித்தனியாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தார். குரும்பலூர் மறுபடி வந்தது, அரை டிக்கெட் வந்தது, சோறாக்கி வச்சிருப்பா வந்தது. முடிந்ததும் அக்கா கேசட்டை வாங்கி, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். கேசட்டின் முதுகில் ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் பதிய முடியாது. ஒன்றை நெம்பினார், தெறித்தது. இன்னொன்றையும் நெம்பினார். அது என் மடியில் வந்து விழுந்தது.

பஸ் ஸ்டாண்டில் அவர்களை லப்பைக்குடிக்காட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் நகரும்போது ஜன்னலில் பாய் 'டொக்' என்று கூப்பிட்டார். என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். ரொம்ப நேரம் அசைத்தார்.

"என்னக்கா சொல்றாரு?"

"'வாய மூட்றா'ங்கிறாக" என்றார் அக்கா.

அவர் அவ்வளவு நேரம் சொன்னது இவ்வளவு சின்னதாக இருந்திருக்காது. நான் பஸ் கூடவே கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன். அக்கா மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.