கம்பளி கலந்த ஒரு ஜோடி

மேகலாவுக்கு நாற்பத்தாறு வயது. பெரம்பலூரில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை. வாரம் முழுக்க "கட்டைவிரல் வைங்க, ஓடிபி சொல்லுங்க" என்று யாரிடமாவது பேசிக்கொண்டே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சிறுவாச்சூர் வீட்டில் பேச ஆள் கிடையாது. கல்யாணம் ஆகவில்லை. கூட இருந்த அம்மாவும் போன ஐப்பசியில் இறந்துவிட்டாள்.

சான்றிதழ் வாங்க வந்த பிரேம் என்ற இளைஞன், தான் ஒரு மலையேறும் குழு நடத்துவதாகச் சொன்னான். அவள் உடனே பெயர் கொடுத்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதைக் கடையில் பருத்திக் காலுறை வாங்கினாள். கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஷூவுக்குள்தானே இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

லாடபுரம் வரை வேனில் போய், அங்கிருந்து இருபது பேர் பச்சைமலையில் ஏறினார்கள். முதல் ஓடையிலேயே ஷூவுக்குள் தண்ணீர் புகுந்தது. பருத்தி ஈரத்தை விடவில்லை. தொளதொளவென்று மடிந்து குதிகாலை உரசிக்கொண்டே வந்தது. ஒரு மணி நேரத்தில் கொப்புளம் உடைந்துவிட்டது.

"அக்கா, நீங்க இந்தப் பாறையிலயே உக்காந்திருங்க. அருவியப் பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறோம்" என்றான் பிரேம்.

ஆனால் அவர்கள் வேறு வழியாக இறங்கிவிட்டார்கள். மூன்று மணி நேரம் கழித்துத்தான் அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, எங்க இருக்கீங்க? வேன் பெரம்பலூர் வந்தப்புறம்தான் நீங்க இல்லன்னே தெரிஞ்சுது!"

மேகலா அதே பாறையில்தான் உட்கார்ந்திருந்தாள். "நான் அப்பவே எறங்கி பஸ்ஸுல வந்துட்டேன் தம்பி. வூட்லதான் இருக்கேன்" என்றாள்.

மறந்துவிட்டுப் போனவர்களிடம், தனக்காக வண்டியைத் திருப்பச் சொல்ல வாய் வரவில்லை. காலுறைகளைக் கழற்றி, குதிகாலில் கைக்குட்டையைக் கட்டி, ஷூவின் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே தனியாக இறங்கினாள். பாதி வழியில் நின்று அழுதாள்.

புண் ஆற இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு ஷூவையும் எடுத்துக்கொண்டு திருச்சியில் ஒரு கடைக்குப் போய், மலையேறும் காலுறை கேட்டாள்.

"வீட்டுக்காரருக்கா மேடம்?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தாங்க. மலை ஏறணும்."

கம்பளியும் நைலானும் கலந்த காலுறைகளை எடுத்து வைத்தார். "இது நனைஞ்சாலும் சீக்கிரம் காஞ்சிடும். ஷூவோட கழுத்துக்கு மேல நிக்கணும். போட்டு நடந்து பாருங்க, எங்கயும் சுருக்கம் விழக்கூடாது."

முதல் ஜோடி விரல்களை இறுக்கியது. இரண்டாவது குதிகாலில் கச்சிதமாகப் பொருந்தியது. கடைக்குள்ளேயே நாலு சுற்று நடந்து பார்த்து அதை வாங்கினாள்.

அடுத்த ஞாயிறு லாடபுரம் பஸ்ஸில் தனியாகப் போனாள். பதினொரு மணிக்கெல்லாம் அருவியை எட்டிவிட்டாள். அங்கே குளித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் படம் எடுத்துத் தரச் சொன்னது. எடுத்துக் கொடுத்தாள்.

"உங்கள எடுக்கட்டுமாக்கா?" என்று அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கேட்டாள். மேகலா சற்றுத் தயங்கித் தன் போனை நீட்டினாள்.

அவர்கள் போன பிறகு கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. படத்தைத் திறந்து, யாருக்கு அனுப்பலாம் என்று பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கொண்டுவந்திருந்த தக்காளிச் சோற்றைச் சாப்பிட்டாள்.