நல்ல நாளில் மட்டும் பார்க்கும் சீனி

“நாலு எழுத்துப் படிச்சிட்டா என்ர சீனி குறைஞ்சிடுமோ புள்ள?” என் முதல் சம்பளத்தில், இரத்தத்தில் சீனி பார்க்கும் கருவி வாங்கிக் கொடுத்தபோது அப்பா கேட்டது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதனால் இப்படியான கேள்வி எனக்குப் பழக்கம்தான்.

மூன்று மாதம் கழித்துக் கருவியில் பதிந்திருந்த எண்களைப் பார்த்தேன். எல்லாமே நல்ல எண்கள். ஆனால் வயலில் வெட்டுப்பட்ட காலின் காயம் மட்டும் ஆறவில்லை.

“சித்தாண்டிக் கோயில்ல பொங்கின சர்க்கரைப் புக்கை திண்டீங்களே, அண்டைக்கு ஏன் பார்க்கல்ல?”

“அண்டைக்குக் கூடத்தான் இருக்கும். தெரிஞ்ச விசயத்துக்கு இரத்தம் தொட்டுப் பார்க்கிற ஒரு ஸ்ட்ரிப்பைக் கரியாக்கிறதோ? அது விக்கிற விலை தெரியுமா?”

தெரியாமல் என்ன, வாங்குவதே நான்தானே! சோற்றைக் குறைத்த மறுநாள் மட்டும் பார்த்துப் பார்த்து, ஒரு பெட்டி ஸ்ட்ரிப் முழுவதையும் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவே முடித்திருக்கிறார். அதைவிடக் குறைந்த காசில், மூன்று மாதச் சீனியின் சராசரியை ஒரே இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

நேற்றுக் காலை அந்தப் பரிசோதனைக்காக அவரைக் கல்லடியில் உள்ள ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனேன். “ரெண்டு நாளா ராவுச் சோறு திங்கல்ல, பாரன், நல்லாத்தான் வரும்” என்று வழியெல்லாம் பெருமை. இந்தப் பரிசோதனையிடம் இரண்டு நாள் பட்டினி எடுபடாது என்று நான் சொல்லவில்லை. இரத்தம் கொடுத்தாயிற்று. அறிக்கையை அனுப்ப, அவருடையதை விட்டு என்னுடைய தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன்.