கனத்துக்கு ஓர் ஆள்

ஆறாவது மாடி நடைபாதையிலிருந்து எட்டிப் பார்த்தால் என் கணவரின் கால்கள் மட்டும்தான் தெரியும். முழங்காலுக்குக் கீழே எண்ணெய்க் கறை படிந்த காக்கி, தேய்ந்துபோன ரப்பர் சிலிப்பர். மீதி ஆள் வண்டிக்கு அடியில் இருப்பார். தீவின் வடக்கே மார்சிலிங்கில், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில், மழைமரத்தின் நிழல் விழுகிற கடைசி இடம் அவருடையது. அங்கே வண்டியைக் கழற்றிப் பழுது பார்க்கக் கூடாது என்பது விதி. ஞாயிறு மதியம் அதைக் கேட்க யாரும் வருவதில்லை. நான் சோறு வடித்து, மீன் குழம்பை மூடி வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நிற்பேன். அந்தக் கால்கள் எப்போதாவது அசையும். அசைந்தால் ஏதோ ஒரு போல்ட்டு இளகிவிட்டது என்று அர்த்தம். எதிர்வீட்டு அம்மா பிள்ளைகளை வெள்ளைச் சட்டையில் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போகும்போது ஒரு நாள் சொன்னார், "நாங்க கோயிலுக்குப் போறோம். உங்க வீட்டுக்காரரு காருக்குக் கீழ போறாரு லா." நானும் சிரித்தேன். அவர்கள் லிஃப்டில் இறங்கிய பிறகு நடைபாதை முழுவதும் அமைதியாகிவிட்டது.

அவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரங்களைப் பராமரிக்கும் பிரிவில் இருந்தார். நான் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக் கம்பி ஒட்டும் வேலையில் இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குத் திருமணமானது. பெண் பார்க்க வந்த அன்றே என் அம்மா, "பையன் அதிகம் பேச மாட்டான் போல, நல்லதுதான்" என்றாள். குடியில்லை, கோபமில்லை, கை நீட்டியதில்லை. காலையில் நான் எழுவதற்கு முன்பே தனக்கும் எனக்கும் கோப்பி கலக்கி, என்னுடையதை மூடி வைத்துவிட்டுப் போவார். பேச்சு மட்டும் இல்லை. முதல் இரண்டு வருடம் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிறகு ஏழாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. நான் மயக்கத்தில் இருந்தேன். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை என்று தாதி சொன்னாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் போர்வை நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தார். குழந்தையை எங்கே கொண்டுபோனார்கள், யார் கொண்டுபோனார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அவருடைய அமைதி எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது.

அந்தக் காரை அவர் வாங்கியது அதற்குச் சில வருடங்கள் கழித்து. மூன்று கதவுள்ள சின்ன ஜப்பான் வண்டி. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். உருவத்துக்குப் பொருந்தாத பெரிய எஞ்சின். முன்பு வைத்திருந்தவன் அதை ஓட்டிக் களைக்க வைத்திருந்தான். வேகமாகப் போகத்தான் ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். ஆனால் எஞ்சினை அவர் தொடவே இல்லை. சக்கரங்களுக்கு மேலே வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங்குகள், குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அப்சார்பர்கள், வளைவில் வண்டி சாயாமல் இருக்க இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைக்கிற கம்பி, இவற்றைத்தான் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார். ஞாயிறு காலையில் தேக்காவுக்குப் போவோம். நான் சந்தையில் மீனும் முருங்கைக்காயும் வாங்குகிற நேரத்தில் அவர் ஜாலான் புசார் பக்கம் உதிரிபாகக் கடைகளுக்கு நடந்துவிடுவார். திரும்பும்போது எங்கள் பைகளில் ஒன்றில் கீரையும் இன்னொன்றில் செய்தித்தாளில் சுற்றிய தடித்த ஸ்பிரிங்கும் இருக்கும். சாப்பாட்டு மேசையில் அதை வைத்து மண்ணெண்ணெயில் துடைப்பார். எங்கள் வீட்டில் அவர் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்த பொருள் வேறு இல்லை.

ஒரு ஞாயிறு அவர் மேலே வந்து வாசலில் நின்றார். கையெல்லாம் கரி.

"கொஞ்சம் கீழ வர்றியா? கனம் வேணும்."

எனக்குப் புரியவில்லை. "என்ன கனம்?"

"வண்டிக்குள்ள ஒரு ஆள் உக்காரணும். ரப்பர் புஷ்ஷு போட்டிருக்கேன். வண்டி தொங்கிக்கிட்டு இருக்கும்போது போல்ட்டை முறுக்கினா, எறக்கினதும் ரப்பர் முறுகிப் போயிடும். ஆள் கனத்தோட நிக்கும்போதுதான் முறுக்கணும்."

ஒரே மூச்சில் அவர் என்னிடம் அவ்வளவு பேசிக் கேட்டது வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான். அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளுக்கு அடியில் போட்டுத் தூக்கியெறிகிற கனமான பலகைகளைக் கொண்டுவந்து இரண்டு சாய்தளம் செய்திருந்தார். வண்டியின் முன்சக்கரங்கள் அதன்மேல் ஏறி நின்றன. பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி லேசாக அமுங்கியது. என் காலுக்கு அடியில், தகரத்துக்கு அப்பால், அவர் ஊர்ந்து போவது கேட்டது.

"உக்காந்துட்டியா?"

"உக்காந்துட்டேன்."

"ஆடாம இரு."

ஸ்பேனர் திரும்பும் சத்தம். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் பேசினார். வேலையிடத்தில் ஒரு பளுதூக்கியின் வடம் அறுந்த கதையைச் சொன்னார். கீழே நின்ற ஆள் கோப்பி வாங்கப் போயிருந்ததால் பிழைத்ததைச் சொன்னார். சின்ன வயதில் துறைமுகக் குடியிருப்பில் அவருடைய அப்பா மழை நாளில் வேலையில்லாமல் வீட்டிலிருந்தால் எல்லாருக்கும் பயமாக இருக்கும் என்று சொன்னார். நான் முன்கண்ணாடி வழியாக மழைமரத்தைப் பார்த்தபடி "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்குத் தெரியவில்லை. மேலே வந்து கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்ததும் பழைய ஆளாகிவிட்டார். குழம்பு நன்றாக இருக்கிறதா என்றதற்குத் தலையை ஆட்டினார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் முன்பக்கம் முடிந்து பின்பக்கம் வந்தது. ஒவ்வொரு முறையும் கனத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தொழிற்சாலையில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ஞாயிறை நினைத்துக்கொள்வேன். என்ன சொல்லலாம், என்ன கேட்கலாம் என்று சேர்த்து வைப்பேன். எங்களுக்குத் திருமணமாகி இத்தனை வருடம் கழித்து, என் கணவரோடு பேசக் காத்திருக்கும் பெண்ணாக ஆகியிருந்தேன். அதை யாரிடம் சொன்னாலும் சிரித்திருப்பார்கள்.

வளைவில் சாயாமல் பிடிக்கிற அந்தக் கம்பியைப் பொருத்திய நாளில் வானம் மூடியிருந்தது. அவர் இரண்டு போல்ட்டுகளை முறுக்கி முடித்தார். பிறகு சத்தத்தைக் கூட்டாமல், ஏதோ அளவு சொல்வதைப் போல, சொன்னார்.

"அன்னைக்கு டாக்சியிலதான் கொண்டு போனேன்."

எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"பழைய டாக்சி. ரொம்ப ஆடிச்சு. சுவா சூ காங் இடுகாடு வரைக்கும் போகணும். மடியில பெட்டி வெச்சிருந்தேன். சின்னப் பெட்டி. வளைவு வந்தா வண்டி ஒரு பக்கமா சாயும், பெட்டி நழுவும். ரெண்டு கையாலயும் அணைச்சுப் புடிச்சுக்கிட்டேன். மெதுவா போங்கன்னு அவன்கிட்ட சொன்னேன். அவன் மெதுவாத்தான் போனான் பாவம். வண்டி அப்படி."

ஸ்பேனர் ஒரு தடவை திரும்பியது.

"மொகம் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தேன்."

"யாரு மாதிரி?"

"உன் மூக்கு" என்றார்.

தூறல் விழத் தொடங்கியது. கண்ணாடியில் நீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அழுதால் வண்டி ஆடும், அவர் வேலை கெட்டுப்போகும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அந்த டாக்சியால்தான் அவர் இந்த வண்டியை இப்படி ஆக்கினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரும் அப்படிச் சொன்னதில்லை. ஜாலான் புசாரில் அதே கம்பியை வாங்க எத்தனையோ பேர் வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் காரணமா இருந்தது? ஆனால் அன்று மேலே போன பிறகு, மேசையில் கிடந்த பழைய ஸ்பிரிங்கை நானே எடுத்துத் துணியால் துடைத்து அலமாரிக்குள் வைத்தேன்.

சில வாரங்களில் வேலை முடிந்துவிட்டது. வண்டியைக் காட்ட மண்டாய் ரோட்டுக்கு என்னை அழைத்துப் போனார். இரண்டு பக்கமும் காடு, நடுவில் வளைந்து வளைந்து போகும் சாலை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி தட்டையாக, தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. என் மடியில் இருந்த பை கொஞ்சமும் நகரவில்லை. அவர் முகத்தில் நான் முன்பு பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது. அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், அவர் முகம் எனக்குத் தெரிந்தது, அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் சேர்த்து வைத்திருந்ததைத் தொடங்கிப் பார்த்தேன். "ம்" என்றார். வீடு திரும்பியதும் பலகைகளையும் செங்கற்களையும் வண்டிக்குள் பின்பக்கம் அடுக்கித் துணி போட்டு மூடினார். இனிக் கனம் தேவையில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள் முன்பைவிட மோசமாக இருந்தன. அவர் வீட்டிலேயே இருந்தார். தொலைக்காட்சி ஓடியது. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தோம். கீழே எட்டிப் பார்த்தால் வண்டி மட்டும் நிற்கும். அந்தக் கால்களையாவது பார்த்துக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது.

ஒரு நாள் சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன், "என்னங்க, முன்னாடி ஏதோ சத்தம் கேக்குது வண்டியில."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பக்கம்?"

"தெரியல. கடகடன்னு."

அவருடைய வண்டியில் சத்தம் இல்லை என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் எழுந்து காக்கியை மாட்டினார். கீழே போய்ப் பலகைகளைப் போட்டு வண்டியை ஏற்றினார், செங்கல் முட்டுக் கொடுத்தார். கேட்காமலே நான் ஏறி உட்கார்ந்தேன். அடியில் அவர் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போவது கேட்டது. முன்னால், பின்னால், மறுபடி முன்னால். பிறகு தட்டுவது நின்றது.

"சத்தம் ஒண்ணும் இல்ல" என்றார்.

வெளியே வருவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தார்.

"சரி, சொல்லு" என்றார்.

அப்போதுதான் நான் சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் எனக்குப் பால் கட்டிக்கொண்டதை, அவர் வேலைக்குப் போன பிறகு குளியலறையில் நின்று அதைப் பிழிந்து தண்ணீரில் விட்டதை, யாருக்கும் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்து வைத்ததை. அம்மாவிடம்கூடச் சொல்லாதது. சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அடியில் ஸ்பேனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. "எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "தெரிஞ்சிருந்தா லீவு போட்டிருப்பேன்" என்றார். வேறு யார் சொன்னாலும் அது ஒரு சாதாரண வார்த்தை. நான் அதை இத்தனை வருடமும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் வண்டியில் அடிக்கடி ஏதாவது ஒரு சத்தம் கேட்டது. சில சமயம் நான் சொல்வேன், சில சமயம் அவரே சொல்வார். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. எண்பதுகள் முடிவதற்குள் வண்டிக்கு வயதாகிவிட்டது. பழைய வண்டியை வைத்திருந்தால் வரி ஏறிக்கொண்டே போகும் காலம் அது. பார்க்க வந்த இளைஞன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு உடனே எடுத்துக்கொண்டான். சாவியைக் கொடுத்துவிட்டு, காலியாகக் கிடந்த இடத்தில் இரண்டு பேரும் நின்றோம். நான் பயந்தேன். வண்டி போனதற்காக அல்ல. அவர், "வா, தேக்காவுக்குப் போவோம்" என்றார்.

பேருந்தில் கூட்டமில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் வைத்த என் பையை அவருக்காக எடுத்தேன். அவர் அங்கே உட்காரவில்லை. என்னைத் தாண்டிப் போய் எனக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். கோபமோ என்று திரும்பப் போனேன். என் இருக்கையின் மேல்கம்பியில் அவருடைய விரல்கள் வந்து பிடித்தன. பேருந்து உட்லண்ட்ஸ் ரோட்டில் திரும்பியது.

"எங்கப்பா சாகும்போது நான் பக்கத்துல இல்ல, தெரியுமா" என்று என் காதுக்குப் பின்னால் அவர் தொடங்கினார்.

தேக்கா வரும்வரை பேசினார். அதன் பிறகு பேருந்திலும், வடக்கே ரயில் வந்த பிறகு ரயிலிலும் அப்படித்தான் போனோம். பின்னால் இடமில்லாத நாட்களில் எங்களுக்குள் பேச்சில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையோ என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். நாங்கள் கவலைப்பட்டதில்லை.

அவர் போய்ச் சில வருடங்களாகின்றன. நெஞ்சுவலி வந்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. போன கொஞ்ச நாளில் ஒரு தடவை பேருந்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் யாரோ ஓர் ஆள் தொண்டையைச் செருமினார். சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன். முன்பின் தெரியாத ஆள். என்ன வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

இப்போது தேக்காவுக்குப் போகும்போது சில சமயம் என் தங்கை மகள் துணைக்கு வருவாள். போன மாதமும் வந்தாள். நான் நேராகப் பேருந்தின் கடைசி வரிசைக்குப் போனேன். "பெரியம்மா, பின்னாடி தூக்கித் தூக்கிப் போடும். முன்னாடி நெறைய எடம் இருக்கு லா" என்றாள். "இருக்கட்டும்மா, இங்கேயே உக்காரலாம்" என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் அலுவலகக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். சாலை மேடுகளில் பேருந்து எங்களைத் தூக்கிப் போட்டது. என் முதுகுக்குப் பின்னால் இருக்கை இல்லை, கண்ணாடி மட்டும் இருந்தது.