மூன்று வருஷம் யாரும் விழவில்லை

காப்பீட்டு அலுவலகத்தில் பிரீமியம் கணக்கிடும் அவளுக்கு ‘ஒருவேளை அக்கா’ என்று பெயர். எதைக் கேட்டாலும் பதில் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்டால்கூட இன்னும் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்வாள் என்று அவள் கணவர் சிரிப்பார்.

உயரமான மரங்களில் ஏறிக் கிளை வெட்டும் ஒரு சின்னக் குழுவின் மேஸ்திரி ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். மூன்று வருஷமாக அவருடைய ஆட்களுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனாலும் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் போடும் பிரீமியத்தையே தன் தலையிலும் கட்டுகிறார்கள் என்பது அவர் குறை.

“எவனோ விழுந்ததுக்கு நான் ஏன் மேடம் கட்டணும்?”

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்துப்போனது. அந்த மூன்று வருஷம் திறமையா, அதிர்ஷ்டமா? மரம் வெட்டும் குழுக்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி என்றால் தொழிலின் மொத்த அனுபவத்தைத்தான் நம்பவேண்டும். குழுவுக்குக் குழு ஏகப்பட்ட வித்தியாசம் என்றால் மேஸ்திரியின் மூன்று வருஷத்துக்கு எடை கூடும். எது நிஜம் என்று யாருக்கும் தெரியாது. ஓர் அனுமானத்தோடு தொடங்கிக் கணக்குப் போட்டாள். அனுமானத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடி போட்டாள். ஆயிரக்கணக்கான ஆட்களின் விவரம் கையில் இருக்கும் பெரிய தொழிற்சாலைகளுக்கு இப்படிச் செய்தால் விடை அசையாமல் உட்கார்ந்திருக்கும். இதுவோ நடை பழகும் குழந்தைபோல் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மேலாளருக்கு ஒரே ஓர் எண் வேண்டும். எந்த அனுமானம் பொய்த்தாலும் பெரிதாகக் கையைச் சுடாத எண் ஒன்றைத் தேர்ந்து கொடுத்தாள். பிரீமியம் சற்றே இறங்கியது. மேஸ்திரிக்கு முகம் தொங்கிவிட்டது.

மறு வருஷம் அவருடைய ஆள் ஒருவர் விழுந்து கால் முறிந்தது. கயிறு சரியாகத்தான் இருந்தது, கிளைதான் உள்ளே உளுத்திருந்தது. கொடுத்த சலுகையைப் பிடுங்கிவிட்டுப் பழைய தொகைக்கும் மேலே ஏற்றச் சொன்னார் மேலாளர்.

“நல்லபடியா போன மூணு வருஷத்தை நாம முழுசா நம்பலையே சார். ஒரு கெட்ட நாளை மட்டும் எப்படி முழுசா நம்புறது?”

அதே அனுமானத்தை வைத்து அவள் புதிதாகப் போட்ட எண்ணிலேயே மேலாளர் கையெழுத்திட்டார். பிரீமியம் ஏறியதென்னவோ உண்மை, ஆனால் இத்தனூண்டு. சண்டைக்குத் தயாராக வந்த மேஸ்திரி, எங்கேயாவது தப்பு நடந்துவிட்டதா என்று சந்தேகமாகக் கேட்டார்.

“தப்பு இல்லைங்க. அன்னைக்கு எவ்வளவு நம்பிக் குறைச்சேனோ, இன்னைக்கும் அவ்வளவுதான் நம்பி ஏத்தியிருக்கேன்.”

அவளுக்கோ அத்தோடு விஷயம் முடியவில்லை. குழுக்கள் நிஜமாகவே எவ்வளவு வேறுபடுகின்றன என்கிற கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் மேஸ்திரி வேலை செய்யும் இடத்துக்கே போனாள். அவர் கொடுத்த ஹெல்மெட் காதுவரை இறங்கி நின்றது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபடி, கிளை உளுத்திருக்கிறதா என்று ஏறும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வார்கள் என்று கேட்டாள்.

“கால் முறிஞ்சதுக்கப்புறம் நாங்க ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்க்குறோம். எல்லாக் குழுக்காரங்களும் அப்படிப் பார்க்க மாட்டாங்க மேடம்.”

“யாரெல்லாம் பார்க்க மாட்டாங்க?” என்றாள் அவள்.